இடது கால் முதலில்

அத்தியாயம் 6

அந்த வியாழக்கிழமை காலை எங்கள் ஊரே ஒரு பிரார்த்தனையில் இருந்தது. வெர்னா பென்கோ மட்டும் அதற்கு நேர் எதிரான பிரார்த்தனையில் இருந்தாள், என் பார்லரில், முடி உலர்த்தும் தொப்பிக்குக் கீழே.

"கடவுளே, இன்னைக்கு அவன் அடிக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட அடிக்கக் கூடாது!"

தொப்பிக்குள் இருப்பவர்களுக்குத் தாங்கள் கத்துவது கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இருபது வருஷமாக இந்தத் தொழிலை விடாமல் வைத்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தபால்காரர் மனைவி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாராவது பாதிரியாரைப் பற்றித் தப்பாகப் பேசினால்கூட அவள் அப்படிப் போட்டுக்கொள்பவள் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ஸ்டோக்கர்ஸின் டெக்ஸ் ஹாலரன் தொடர்ந்து நாற்பத்தோரு ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரு நல்ல அடியாவது அடித்திருந்தார். ஒரு நாள் தவறினால் மறுபடி பூஜ்யம். ஊரில் இதற்கு 'எண்ணிக்கை' என்றே பெயர். ரொட்டிக்கடை, சாராயக்கடை, சவப்பெட்டிக்கடை, எல்லாக் கடைக் கண்ணாடியிலும் 41 என்று அட்டை தொங்கியது. என் கண்ணாடியிலும்தான். வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை விடிகாலையில் அதே டெக்ஸ் ஹாலரனின் வெளிர்பச்சைக் கார், ஃபுல்ட்டன் தெரு முனையில் எமில் நோவி என்ற மனிதரை இடித்துக் கொன்றுவிட்டது. நோவி தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஆட்டம் நடக்கும் நாட்களில் மைதானத்திலும் அவர்தான் வாசிப்பார். மைதானத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டார். தேவாலயத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் நோவியின் அடக்கம் வாத்தியம் இல்லாமல்தான் நடந்தது, அதுவும் ஒரு மணி நேரம் முன்கூட்டியே. அன்றும் இரண்டு மணிக்கு ஆட்டம்.

ஓட்டியவன் காரை விட்டுவிட்டு ஓடிவிட்டான். எட்டு மணிக்கு லைல் பென்கோ போலீஸ் நிலையத்துக்குத் தானாக வந்து, "காரைக் கழுவ எடுத்துட்டுப் போனேன், நான்தான் இடிச்சேன்" என்றான். லைல், வெர்னாவின் கணவன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் இன்னொரு தடவை "ஆமாம்" என்று சொன்னால் பத்து வருஷம்.

நான் தொப்பியைத் தூக்கினேன். "வெர்னா, கத்தாதே. ஊரே கேக்குது."

"கேக்கட்டும் ப்ளாஞ்ச். திங்கக்கிழமை விடிகாலை அவர் என் பக்கத்துல குறட்டை விட்டுட்டுக் கிடந்தாரு. அந்தக் குறட்டைக்கு நான் சாட்சி. அஞ்சரைக்கு ஃபோன் வந்துது, எழுந்து போனாரு. போய் நான்தான் கொன்னேங்கறாரு! ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. அந்த ஹாலரன் ஒவ்வொரு நாள் அடிக்கறப்பவும் ஜெயில்ல உக்காந்து சிரிக்கறாரு. அவன் அடிக்கற வரைக்கும் இவர் பேச மாட்டாரு, எனக்குத் தெரியும்."

"இப்ப எதுக்கு முடி செட் பண்ண வந்தே?"

"நாளைக்கு கோர்ட்டு. ஜட்ஜ் முன்னாடி அலங்கோலமா நின்னா, இவ புருஷன் இப்படித்தான் இருப்பான்னு நெனச்சுடுவாரு."

அந்தக் கொண்டையை நான் என் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டதைவிட நன்றாக வைத்துவிட்டேன். பிறகு அவளை மாடிக்கு அழைத்துப் போனேன்.

மாடியில் துப்பறிபவர் வெண்டெல் க்ரூபர். கதவில் அவர் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும், உதவியாளர் என்று என் பெயர் இருக்காது. ஆனால் அவருக்கு வரும் தகவல்களில் முக்கால்வாசி என் பார்லர் படிக்கட்டு வழியாகத்தான் ஏறி வருகின்றன. மனிதர் நல்லவர், ஒல்லி, ஆனால் ஒரே ஒரு குறை. இந்த ஓஹையோ மாநிலத்திலேயே பேஸ்பால் தெரியாத ஒரே ஆண்பிள்ளை. அவர் அப்பா சதுரங்கக்காரர். வீட்டில் மட்டை என்ற பேச்சே எழுந்ததில்லை.

வெர்னா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தொப்பியை எடுத்தார். "வா ப்ளாஞ்ச். தெருவைப் பாக்கலாம்."

"மூணு நாள் ஆச்சு. தெருவுல என்ன இருக்கும்?"

"ஊரே மேல பாத்துட்டு நடக்குது. கீழ இருக்கறது அப்படியேதான் இருக்கும்."

இருந்தது. திங்கட்கிழமை விடிகாலையில் சாலைத்துறை ஆட்கள் அந்த முனையில், மக்கள் கடப்பதற்காகக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். நோவியை இடித்த கார் அவர்களுடைய வண்டியையும் இடித்து, ஒரு பீப்பாய் வெள்ளை பெயின்ட்டைத் தெருவில் கொட்டிவிட்டது. ஓட்டியவன் அந்தப் பெயின்ட்டில்தான் இறங்கி ஓடினான். தார் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள். வழுக்கி இழுபட்டிருந்ததால் செருப்பு அளவு சொல்ல முடியாது. போலீஸ் அளவெல்லாம் பார்க்கவும் இல்லை. வெள்ளைக் கால், சுண்ணாம்புக்காரன், முடிந்தது.

க்ரூபர் குனிந்தபடியே நடந்தார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

"ப்ளாஞ்ச், இந்த ஆள் ஓடிட்டே இருக்கும்போது எதுக்குத் தாவறான்?"

"குடிச்சிருப்பான்."

"குடிச்சவன் தடுமாறுவான். இது அளந்து தாவினது. பாரு. ஓடறான், ஓடறான், கோட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன எட்டு. அப்புறம் பெரிய தாவல். இடது கால் அந்தப் பக்கம் விழுது. ரெண்டாவது கோட்டுலயும் அதே சின்ன எட்டு, அதே தாவல், அதே இடது கால். அப்போ பெயின்ட் காயவே இல்ல, ஆனா கோட்டுல ஒரு கீறல் கிடையாது. ஒரு உயிரைப் பறிச்சுட்டு ஓடறவனுக்கு முனிசிபாலிட்டி பெயின்ட் மேல என்ன இவ்வளவு மரியாதை?"

நான் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உள்ளே வந்து போகும் பக்கம் உட்காருபவள். அந்தச் சின்ன எட்டையும் அந்தத் தாவலையும் எட்டு வருஷமாக, ஆட்டத்துக்கு இருபது தடவை பார்த்திருக்கிறேன்.

"மிஸ்டர் க்ரூபர், மைதானத்துல ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இருக்கும். ஆட்டக்காரங்கள்ல பாதிப் பேர் உள்ள போகும்போதும் வரும்போதும் அதை மிதிக்க மாட்டாங்க. ராசி. டெக்ஸ் ஹாலரன் செத்தாலும் மிதிக்க மாட்டாரு. தாவித்தான் போவாரு. இடது கால் முதல்ல."

"லைல் பென்கோ?"

"அந்தக் கோட்டைப் போடறதே அவன்தானே! இருபத்திரண்டு வருஷமா கோட்டு மேலயே நடக்கறவன். அவன் செருப்பைத் தட்டினா ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்."

க்ரூபர் மெதுவாக நிமிர்ந்தார். "அப்ப, ஒரு மனுஷனைக் கொன்னுட்டு ஓடும்போதும் ராசி பாத்திருக்கான்."

"பின்னே? கொன்னா எண்ணிக்கை போகாது. கோட்டை மிதிச்சாத்தான் போகும்."

ஹாலரன் அந்த விடிகாலையில் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் என்பதற்கு என் பார்லரில் நான்கு பெயர்கள் அடிபட்டன. நான்கும் கல்யாணமான பெயர்கள். ஆனால் அது வேறு அத்தியாயம்.

கேப்டன் டவ்டியைப் பார்க்கப் போனோம். போலீஸ் நிலையத்தில் அவர் அறை வாசலில் ஒரு பித்தளைப் பட்டி பதித்திருக்கும். கேப்டன் கையில் டோனட்டோடு வெளியே வந்தார். அந்தப் பட்டி அருகில் சின்னதாக ஒரு எட்டு வைத்தார், தாவினார், இடது காலை ஊன்றினார். நூற்றுப்பத்து கிலோ. மேஜையில் இருந்த மைக்கூடு குதித்தது.

க்ரூபரின் முகம் அப்போதே தொங்கிப்போனது. இருந்தாலும் சொன்னார். கேப்டன் பொறுமையாகக் கேட்டார், டோனட் தீரும்வரை.

"அருமை! அபாரம்! சின்ன எட்டு, தாவல், இடது கால். அதாவது நான்தான் கொலைகாரன்."

"சார்..."

"ஏ, மேட்ஸ்! இங்க வா!" வெளியே இருந்த போலீஸ்காரர் ஓடி வந்து, பட்டியைத் தாவி, சல்யூட் அடித்தார். "இவனும் கொலைகாரன். ஞாயித்துக்கிழமை பூசையில பாதிரியார் படிக்கட்டுக்கு முன்னாடி தாவினாரே, பாத்தீங்களா? அவரும்தான். மிஸ்டர் க்ரூபர், எண்ணிக்கை இருபதைத் தாண்டினதுலேர்ந்து இந்த ஊர்ல ஒரு பயலும் கோட்டை மிதிக்கறதில்ல. என் சம்சாரம் சமையல்கட்டு ஓடுகளுக்கு நடுவுல தாவித் தாவி முட்டி வீங்கிக் கிடக்கா. ஊர்ல நாப்பதாயிரம் பேர். எல்லாரையும் உள்ள போடவா?"

"லைல் பென்கோ தாவ மாட்டான். அது ஒண்ணு போதுமே?"

"ஒத்துக்கிட்டானே! நாங்க ஒரு அடிகூட அடிக்கலை."

"அதான் சந்தேகமா இருக்கு கேப்டன்," என்றேன் நான். "உங்க ஆளுங்க அடிக்காம இங்க யாரும் பேரைக்கூட ஒத்துக்கிட்டதில்லையே."

அவர் என்னை முறைத்தார். பிறகு, வாய் துடைத்தபடி, போகிற போக்கில் கேட்டார். "இந்தக் கோட்டு விஷயத்தை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட மட்டும்தான்," என்றார் க்ரூபர்.

"நல்லது. நல்லது."

வெளியே வந்ததும் க்ரூபர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "துப்பு கிடைச்சுது ப்ளாஞ்ச். ஆனா ஊர் முழுக்க அதையே போட்டுட்டுத் திரியுது. ஒரே மாதிரித் தொப்பியை நாப்பதாயிரம் பேர் வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி."

"ஊர் தாவறது பக்தியில. அவர் தாவறது பயத்துல. வித்தியாசம் இருக்கும் இல்ல?"

அவர் சட்டென்று எழுந்தார். "உன் கடையில பவுடர் இருக்கா?"

ஒரு மணிக்கு மைதானத்தின் பின்வாசலில், ஆட்டக்காரர்கள் நுழையும் வழியில், என் கைராசி டால்கம் பவுடர் டப்பாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். லைல் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு கோணல். ரோஜா வாசனை வேறு. ஹாலரன் ஒரு தடவை தாவினால் போதும், தெருவில் இருக்கும் தாவலின் நீளத்தோடு ஒப்பிட்டுவிடலாம் என்பது க்ரூபரின் திட்டம்.

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொருவராக வந்தார்கள். வேர்க்கடலைக்காரர் தாவினார். அணியின் மேனேஜர் தாவினார். மேயரின் மனைவி இறுக்கமான பாவாடையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள், பின்பக்கம் தையல் விட்ட சத்தம் கேட்டது. இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பிறகு டெக்ஸ் ஹாலரன் வந்தார். ஆறடி இரண்டு அங்குலம். பற்பசை விளம்பரத்தில் வருவாரே, அதே பல். கூட்டம் கத்தியது. அவர் கையசைத்துக்கொண்டே நடந்து வந்தார், கோட்டைப் பார்த்தார், நின்றார். கோட்டிலிருந்து கண்ணை எடுத்து நேராக க்ரூபரைப் பார்த்தார். இடது காலைத் தூக்கினார். கோட்டின் நடுவில் வைத்தார். சிகரெட்டை அணைப்பது போல ஒரு திருகு திருகினார்.

வேர்க்கடலைக்காரரின் தட்டு கீழே விழுந்தது.

"ராசியெல்லாம் சின்னப் பசங்களுக்கு மேடம்," என்றார் என்னிடம், அந்தப் பல் முழுவதையும் காட்டி. "நான் கடவுளை நம்பறவன்." நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. உள்ளே போனார்.

க்ரூபர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? எட்டு வருஷமா மிதிக்காதவன். இருபது நாளா ஊரே இவனைப் பாத்துத் தாவுது. இன்னைக்கு மட்டும் ஏன் மிதிக்கறான்? தாவினா மாட்டிக்குவோம்னு தெரியும். அது யாருக்குத் தெரியும்? அந்தத் தடத்தைப் போட்டவனுக்குத் தெரியும்!"

"இல்லேன்னா டவ்டிகிட்டேர்ந்து ஃபோன் வந்தவனுக்கு."

"ஃபோன் வந்திருந்தாலும், தப்பு செய்யாதவன் எதுக்குப் பயந்து மிதிக்கணும்? எப்பவும் போலத் தாவிட்டுப் போயிருப்பான்!"

பத்து நிமிஷம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். பதினோராவது நிமிஷத்தில் அரசாங்க வக்கீல் ஹட்சின்ஸ் ஆட்டம் பார்க்க வந்தார். க்ரூபர் அவரை வழிமறித்து எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தாவினா குற்றவாளிங்கறீங்க. மிதிச்சாலும் குற்றவாளிங்கறீங்க. பாவம், அந்த மனுஷன் எப்படித்தான்யா வீட்டுக்குள்ள நுழையறது?"

என் பவுடர் கோட்டைத் தாவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜெயிலுக்குப் போனபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. வெர்னா ஏற்கெனவே அங்கே இருந்தாள், ஸ்கார்ஃபால் கொண்டையைப் பத்திரமாக மூடிக்கொண்டு. ஜெயிலர் தன் ரேடியோவைக் கம்பிக்கு அருகில் ஸ்டூல் மேல் வைத்திருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் ஜெயிலர், அந்தப் பக்கம் லைல், இரண்டு பேரும் ஒரே மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு.

லைல் சின்ன உருவம். மூன்று நாள் ஜெயிலுக்கு அப்புறமும் புருவத்தில் சுண்ணாம்பு. எங்களைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குக் கோடு யாரு போட்டாங்க?"

"லைல், எல்லாம் தெரிஞ்சுபோச்சு," என்றார் க்ரூபர். தெருவில் பார்த்ததைச் சொன்னார். "அஞ்சரைக்கு வந்த ஃபோன் யாரோடது?"

லைல் ரேடியோவைப் பார்த்தான், ஜெயிலரைப் பார்த்தான். ஜெயிலர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எண்ணிக்கை முடியற வரைக்கும்தான் சார்," என்றான் கடைசியில். "முடிஞ்ச அன்னைக்கே அவர் வந்து உண்மையைச் சொல்லிடுவாரு. வாக்குக் குடுத்திருக்காரு. அதுவரைக்கும் நான் உள்ள இருக்கணும். அவ்வளவுதான்."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாப்பத்தோரு நாளு சார். இந்த ஊருக்கு என்ன இருக்கு? ஆலையும் புகையும். இது ஒண்ணுதான் இருக்கு. அதை நானா கெடுக்கறது? அவர் என் தோள்ல கையை வெச்சு, 'லைல்'னு கூப்பிட்டாரு. இருபத்திரண்டு வருஷம் அங்க வேலை பாத்திருக்கேன். என் பேர் அவருக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்."

ஜெயிலர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

எட்டாவது சுற்று. ஹாலரன் அதுவரை மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இதுதான் கடைசி வாய்ப்பு. லைல் இரண்டு கையிலும் விரல்களைப் பின்னிக்கொண்டான். வெர்னா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒரே கடவுளிடம் எதிரெதிராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடவுள் அன்று வெர்னா பக்கம் இருந்தார். பந்து உயரப் போனது, வேலி வரை போனது, அங்கே எதிரணிக்காரன் ஒருவன் பிடித்துவிட்டான்.

ஜெயிலர் தொப்பியைக் கழற்றினார். வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெர்னா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "முடிஞ்சுது லைல்! முடிஞ்சுது! வந்து சொல்லட்டும்!"

"சொல்லுவாரு," என்றான் லைல். அவன் கண்ணிலும் தண்ணீர், ஆனால் அது வேறு தண்ணீர்.

ஆட்டம் முடிந்து ரேடியோக்காரர் ஹாலரனிடம் மைக்கை நீட்டினார். நாங்கள் ஐந்து பேரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம்.

"டெக்ஸ், என்ன ஆச்சு? ஊரே கேக்குது."

"எல்லாரும் மன்னிக்கணும். உண்மையைச் சொல்லணும்னா..." வெர்னா என் கையை இறுக்கினாள். நகம் பதிந்தது. "...உண்மையைச் சொல்லணும்னா, திங்கக்கிழமைலேர்ந்து மனசே சரியில்ல. என் காரை எடுத்துட்டுப் போயி ஒருத்தரைக் கொன்னுட்டான் பாருங்க, அந்த... கோடு போடற ஆள்... பேர் வாய்ல வரலை. அவனுக்காகத் தெனமும் ஜெபம் பண்றேன். ஒரு கொலைகாரன் போட்ட கோட்டுல இத்தனை வருஷம் ஆடியிருக்கோம். மைதானத்துக்கே துரதிர்ஷ்டம் வந்துடுச்சு."

ஜெயிலர் ரேடியோவை அணைத்தார்.

"மனசு உடைஞ்சு பேசறாரு," என்றான் லைல்.

"உன் பேரே தெரியலைங்கறான் லைல்!" வெர்னா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "உன்னைக் கொலைகாரன்ங்கறான்!"

க்ரூபர் கம்பிக்கு அருகில் போனார். தணிந்த குரலில் பேசினார். "லைல், எண்ணிக்கை அறுந்துடுச்சு. நாளைக்குக் காலையில இந்த ஊர்ல ஒருத்தனும் தாவ மாட்டான். என் துப்புக்கு மறுபடி உயிர் வந்தாச்சு. நாளைக்கு நீ வாயைத் திறக்கக்கூட வேணாம். கோர்ட்டுல நீதிபதி மேஜைக்கு முன்னாடி தரையில ஒரு பித்தளைக் கோடு இருக்கு. உன்னை அதைக் கடந்து வரச் சொல்லுவேன். எப்பவும் நடக்கற மாதிரி நீ அது மேல நடந்து வா. மீதியை நான் பாத்துக்கறேன்."

"நடந்துடு லைல்," என்றாள் வெர்னா. "நாலு எட்டு. எனக்காக."

லைல் தன் செருப்பைக் குனிந்து பார்த்தான். "நடக்கறதுதானே," என்றான். "சரி."

வெள்ளிக்கிழமை காலை கடைக் கண்ணாடிகளில் அட்டைகளைக் காணோம். நானும் எடுத்துவிட்டேன். கேப்டன் டவ்டி கோர்ட் வாசலில் எல்லாரையும் போல அங்கிருந்த பட்டியை மிதித்து நடந்தார். மேட்ஸ் நடந்தார். நீதிபதி ஸ்டோவல்கூட நடந்துதான் மேடை ஏறினார். நான் ஒவ்வொருவராக எண்ணினேன். ஒருவரும் தாவவில்லை. ஹாலரன் வரவில்லை. அணி எட்டு மணி ரயிலில் வெளியூர் ஆட்டத்துக்குப் போய்விட்டது.

வெர்னா முதல் வரிசையில். கொண்டை சும்மா கிரீடம் மாதிரி நின்றது.

லைலைக் கொண்டுவந்தபோது ஒன்று கவனித்தேன். அவனுடைய மேல்சட்டைப் பையில் ஏதோ உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. ஜெயிலர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பையில என்ன?"

"பந்து," என்றார் அவர், கிசுகிசுப்பாக. "காலையில கேப்டனே கொண்டாந்து குடுத்தாரு. ஹாலரன் கையெழுத்துப் போட்டது. 'என் நண்பன் லைலுக்கு'ன்னு எழுதியிருக்கு. பேரெல்லாம் சரியா இருக்கு. அப்பலேர்ந்து அதைக் கையிலேயே வெச்சு உருட்டிட்டிருந்தான்."

நான் க்ரூபரைக் கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

நன்றாகப் பேசினார். என்றைக்கும் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. பெயின்ட், காலடி, சின்ன எட்டு, தாவல். வக்கீல் ஹட்சின்ஸ் கொட்டாவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "யுவர் ஆனர், நேத்து வரைக்கும் இந்த ஊரே தாவிட்டிருந்தது. இன்னைக்கு யாரும் தாவலை, நீங்களே பாத்தீங்க. அதனால இன்னைக்குத் தாவறவன்தான் நிஜமாத் தாவறவன். அந்தத் தெருவுல ஓடினவன் அவன்தான். இதோ இந்த மனுஷன் கோட்டு மேலயே இருபத்திரண்டு வருஷம் நடந்தவர். கூப்பிட்டுப் பாருங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கொஞ்சம் ஆவல்தான். "நியாயமாத்தான் இருக்கு. மிஸ்டர் பென்கோ, இப்படி முன்னால வாங்க."

லைல் எழுந்தான். பித்தளைக் கோடு ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. அவனுக்கும் அதற்கும் நடுவில் நாலு எட்டு. வெர்னா, குழந்தை முதல் தடவை நடப்பதைப் பார்ப்பது போல, இரண்டு கையையும் லேசாக முன்னால் நீட்டியிருந்தாள்.

ஒரு எட்டு. இரண்டு. மூன்று.

அவன் கை மேல்சட்டைப் பைக்குள் போனது. ஒரு சின்ன எட்டு வைத்தான்.

தாவினான்.

கோர்ட்டில் ஒரு பெருமூச்சு, ஒரே மூச்சாக.

"வலது கால்!" க்ரூபர் கத்தினார். "யுவர் ஆனர், வலது கால் முதல்ல வந்துது! கொன்னவன் இடது கால்! தெருவுல இருக்கறது இடது கால்!"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "மிஸ்டர் க்ரூபர், ஆள் தாவினாரா இல்லையா?"

க்ரூபர் என்னைப் பார்த்தார்.

"தாவினார்," என்றார்.

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். எந்தக் கால் என்று அவர் எழுதவில்லை, யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. லைல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, பைக்குள் பந்தைப் பிடித்தபடி, சரியாகச் செய்துவிட்டோமா என்று கேட்பது போல எல்லார் முகத்தையும் பார்த்தான், வெர்னாவின் முகத்தைத் தவிர.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அசையவில்லை. கொண்டை ஒரு முடிகூடக் கலையாமல் அப்படியே இருந்தது. அந்த வழக்கில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.